குவாந்தானில் வெயில்

தொண்ணூறுகளில், மலேசியாவில், கிள்ளான் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் கல்லாவில் இருந்தேன். கடலோர மின் நிலையத்தில் நிலக்கரி உலை பார்த்த ஒருவர், மதியம் வேலை முடிந்து அங்கே சாப்பிட வருவார். ஒட்டிய கன்னம், எப்போதும் சிவந்த கண்கள். சாப்பிட உட்காருமுன் கடைவாசல் பொதுத் தொலைபேசியில் கிழக்குக் கரையில் குவாந்தானிலிருந்த மகளைக் கூப்பிடுவார். பேரனுக்கு மூச்சிழுப்பு, கிள்ளான் புகை ஆகாதென்று மகள் அவனோடு அங்கே குடிபோயிருந்தாள். அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அங்க வெயில் அடிக்குதாம்மா?"

வானம் மங்கிக் கிடந்த ஒரு நாள் நான் விளையாட்டாகச் சொன்னேன். "உங்க புகை புண்ணியத்துல சூடு கொறஞ்சிருக்கு அங்கிள். நல்லதுதானே?"

அவர் சிரிக்கவில்லை. "கந்தகப் புகை வெயில மேலேயே திருப்பி அனுப்பிடுமாம் தம்பி. எங்க இன்ஜினியர் சொன்னாரு. கண்ணுக்குத் தெரியாம புகை பரவுன ஊர்லகூடச் சூடு கொறையுமாம்."

பிறகு போன் செய்தார். மகள் சந்தோஷமாகச் சொன்னது எனக்கே கேட்டது: "இன்னிக்கு இங்க நல்லா குளுகுளுன்னு இருக்குப்பா!"

ரிசீவரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இலையில் போட்ட சோற்றைத் தொடவில்லை.

"மழை மேகமா இருக்கும் லா, அங்கிள்."

"இருக்கும்," என்றார். இலையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "இல்லன்னா, பேரன இன்னும் எங்க தம்பி அனுப்புறது?" என்று கேட்டார்.

அது வெறும் மழை மேகமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் பகல் திடீரென்று குளிர்ந்து, பக்கத்திலிருப்பவர்கள் 'அப்பாடா' என்னும்போது, ஆறிப்போன அந்தச் சோறுதான் என் கண்ணில் நிற்கிறது.