வெள்ளிக்கிழமை பூனையைக் குளிப்பாட்டியது

அணாவும் நயா பைசாவும் சேர்ந்து புழங்கிக்கொண்டிருந்த காலம். வருஷம் 1958 என்று என் கணவர் சொல்லுவார். அன்னவாசலில் நாங்கள் அந்த வீட்டுப் பின்கட்டுக்குக் குடிவந்ததை வைத்துப் பார்த்தால் 1959 என்றுதான் எனக்குப் படுகிறது. மாதம் வைகாசி. அவர் பள்ளிக்கூட வாத்தியார், கோடை விடுமுறையில் வீட்டில் இருந்தார். கிழமையில் மட்டும் எங்களுக்குள் தகராறு கிடையாது. எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் ஜும்மாத் தொழுகைக்குப் புறப்பட்டு, தொப்பியும் அத்தருமாக வாசலுக்கு வந்தபோதுதான் எங்கள் பூனையைப் பார்த்தார்.

அவருக்கு ஜவுளி வியாபாரம். முன்கட்டு முழுக்கத் துணிக்கட்டுகள். வாசலில் நின்ற மாட்டுவண்டிக்கு அடியில் நிழலுக்குப் படுத்திருந்த பூனை, அச்சில் உரசி, கழுத்திலிருந்து வால் வரை வண்டி மசகைப் பூசிக்கொண்டு வந்திருந்தது. வெள்ளைப் பூனை. வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த அந்த மசகு ஒட்டினால் லேசில் போகாது. போன மாதம்தான் இதே கோலத்தில் ஒரு வெள்ளை மல்லுத் துணிக்கட்டின் மேல் ஏறிப் படுத்து அவருக்கு நஷ்டம் பண்ணியிருந்தது.

"தங்கச்சி, சாயங்கால லாரியில புதுக் கட்டு வருது. அதுக்குள்ள இது வெள்ளையா இருந்தா இங்கிட்டே இருக்கட்டும். இல்லையா, அந்த லாரியிலயே ஏத்தி நம்ம வல்லத்திராக்கோட்டைத் தோட்டத்துக்கு அனுப்பிருவேன். அங்கிட்டு எலி நெறைய இருக்கு, நல்லா இருக்கும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் கெஞ்சலாம். அவர் நிதானமாகச் சொன்னார். பள்ளிக்கூட நாட்களில் பகல் பூராவும் நான் தனி. சத்தம் போட்டுப் படிப்பது என் வழக்கம். எந்தப் புத்தகமானாலும் மடியில் கிடந்து கேட்பது அந்தப் பூனை ஒன்றுதான். கட்டுரைகளுக்கு மட்டும் தூங்கிவிடும்.

மசகை எண்ணெய் போட்டுத்தான் இளக்க முடியும் என்று தெரிந்து, கடலை எண்ணெயைச் சுட வைத்தேன். அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் குறுக்கே வந்தார்.

"ஏத்தா, கடுவனுக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ப்பாகளா? ஆம்பளைக்குப் புதனும் சனியும்தான், வெள்ளி பொம்பளைக்கு. நாளைக்குத் தேச்சுக்க."

"நாளைக்கு அது வல்லத்திராக்கோட்டையில இருக்கும் அத்தை."

"பூனைக்கு ஏது ஆத்தா கிழமை?" என்றார் என் கணவர்.

"எண்ணெய் எண்ணெய்தானடா. சளி பிடிச்சுச் செத்துப்போச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?"

எனக்கு அழுகை முட்டியது. பூனையோ இதற்குள் முதுகை நக்கத் தொடங்கியிருந்தது. மசகு வயிற்றுக்குள் போனால் என்ன ஆகுமோ என்று தூக்கிப் பிடித்துக்கொண்டேன். மாமியார் என் முகத்தைப் பார்த்தார். "இங்க கொண்டா" என்றார். ஆடு மாடு வளர்த்த கை. வாலைத் தூக்கி, வேண்டிய அளவுக்கு மேலேயே பார்த்தார்.

"பொட்டை."

"ஆத்தா! போன தடவை நீதான கடுவன்னு சொன்ன?"

"அப்ப கண்ணு மங்கலா இருந்துச்சு."

"இப்ப மட்டும்..."

"போடா, போய் வெந்நீரை எடுத்துட்டு வா. பொம்பளப் புள்ள குளிக்கிற எடத்துல உனக்கு என்ன பேச்சு?"

அது கடுவன்தான். மாமியாருக்கும் தெரியும்.

என் கணவர் வெந்நீரோடு சீயக்காயும் கொண்டுவந்தார். மனிதருக்கு ஊற்றுவது போலச் செம்பைத் தூக்கித் தலையில் ஒரே கவிழ்ப்பு. பூனை அவர் வேட்டியைப் பிடித்து ஏறி, மார்பு வழியாகத் தோளுக்குப் போய், தலைமேல் நின்று கத்தியது. அவர் கத்தியது அதைவிடப் பெரிது.

"வாத்தியாருக்குப் புள்ளைகளை மெரட்டத்தான் தெரியும்" என்று சொல்லி, மாமியார் செம்பைப் பிடுங்கிக்கொண்டார். சீயக்காய் கண்ணில் பட்டால் வம்பு என்று கொல்லையில் கொட்டச் சொன்னார்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். கொல்லைக் கதவைச் சாத்தினேன். வழுக்கினால்தான் அதற்குப் பயம் என்று புரிந்து, அகலமான சட்டிக்குள் ஈரச் சாக்கை விரித்தேன். நகத்தை ஊன்றிப் பிடித்துக்கொள்ள அதுவே போதுமாக இருந்தது. தண்ணீரைக் குழந்தைக்குப் பார்ப்பது போல மணிக்கட்டில் விட்டுப் பார்த்தோம். மாமியார் பிடரித் தோலை இதமாகப் பிடித்துக்கொள்ள, நான் எண்ணெயைத் தொட்டு நீவி, இளகி வந்த கரியைப் பழந்துணியால் ஒற்றி எடுத்தேன். பிறகு பயத்தமாவு. தலையில் தண்ணீரே விடவில்லை. முகத்தை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. கழுத்துக்குக் கீழேதான் கையால் அள்ளி அள்ளி விட்டோம்.

"அடி என் தங்கம், என்ன வெக்கம் உனக்கு? நாளைக்குக் கட்டிக்குடுக்கணும்ல" என்று மாமியார் அதனோடு பேசிக்கொண்டே இருந்தார். பூனை உறுமியது. என் கணவர் கீறல்களுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு தூர நின்று, "கழுத்துக்கிட்ட இன்னும் கருப்பா இருக்கு" என்று மேற்பார்வை பார்த்தார்.

பழைய வேட்டியில் சுற்றித் துவட்டி, வெயிலில் உட்காரவைத்துச் சீப்பால் வாரி முடிக்கும்போது லாரிச் சத்தம் கேட்டது.

வீட்டுக்காரர் கட்டை இறக்கி, பிரித்து, மல்லுத் துணியின் நுனியை உருவினார். அதைப் பூனையின் முதுகில் அழுத்தி இரண்டு தடவை தேய்த்தார். புதுத் துணியின் சாயம் கழன்று ஒட்டுகிறதா என்று பார்ப்பது போல வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் மாமியாரின் கையைப் பிடித்திருந்தேன். லாரிக்காரர், "பூனை உண்டா இல்லையா பாய்?" என்று கேட்டார்.

"சாயம் நிக்குது, ஒட்டல," என்றார் வீட்டுக்காரர். "நீ கெளம்பு."

பூனை நேராகப் போய் அந்தப் புதுக் கட்டின்மேல் ஏறிச் சுருண்டது. அவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், நுனித் துணியை மடித்து வைத்தார். அன்று மதியச் சோற்றை நாங்கள் மூவரும் விளக்கு வைத்த பிறகுதான் சாப்பிட்டோம்.