தகரத்துக்குப் பாசம்

எனக்குப் பேச்சு குறைவு. மாமியார் இறந்தபோது என் மனைவி மேரி புரண்டு அழுதாள். நான் அழவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "நீயெல்லாம் மனுசனாய்யா?" என்று கேட்டவள், அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு மட்டும் போடுவாள்.

அப்போது கேபிள் டிவி வந்த புதிது. சாந்தோமில் எங்கள் சந்துக்கே ஸ்டெல்லா அக்கா வீட்டில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓர் இங்கிலீஷ் தொடர் வரும். விண்வெளிக் கப்பல், அதில் மனுசன் மாதிரி ஒரு மிஷின். அதைப் பார்க்கப் போகும் மேரிக்கோ சந்துப் பெண்களுக்கோ இங்கிலீஷ் தெரியாது. முகத்தைப் பார்த்தே கதை சொல்லிச் சண்டை போடுவார்கள்.

"அது தகரம்டி. அதுக்கு இன்னா பாசம் கீது?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"அந்தப் பொண்ணு அழுவுற நேரம் கதவாண்டயே நிக்குது பாருக்கா. பாசம் இல்லாமயா நிக்கும்? காட்டத் தெரியல, அவ்ளோதான்" என்றாள் மேரி.

சொல்லிவிட்டுத் திரும்பினாள். வாராவாரம் போல அவளைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றிருந்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"இன்னாத்துக்கு அங்கயே நின்னுக்கினு கீற? வந்து குந்துய்யா."

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கும் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

அந்தத் தொடரின் பேர்கூட எனக்குத் தெரியாது. அதை எழுதினவர் வீட்டில் என்னை மாதிரி ஓர் ஆள் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.