பிரவீனா சொன்ன ஊர்ப்பெயர்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பாலோ என்ற சிற்றூரில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார் கனகராஜ். மகள் பிரவீனாவின் பட்டப்படிப்பு என்னவென்று அவருக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. ஜொகூர் பாருவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உளவியல். ஒரு பருவம் வகுப்பு, அடுத்த பருவம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை, பிறகு மறுபடி வகுப்பு. வேலையிலும் தேற வேண்டும். தேறாவிட்டால் பட்டம் தள்ளிப்போகும்.

"படிக்கிறாளா, வேலை செய்யுறாளான்னு கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"ரெண்டும்னு சொல்லுங்கப்பா."

"சொன்னேன். அப்ப ரெண்டும் அரைகுறையான்னு கேக்குறாங்க."

கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. மனித மனத்தைப் பற்றி நிதானமாக யோசிக்க வேண்டிய வயதில் ஒரு பெண்ணைத் தொழிற்சாலைக்கு அனுப்பினால் அவள் எப்போது யோசிப்பாள்?

இரண்டாவது வேலைப் பருவத்துக்குப் பிரவீனா போனது ஜொகூர் பாருவை அடுத்த உலு திராமில், குளிர்பதனப் பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்கு. அங்கே உற்பத்தி லைனில் ஆட்கள் நிலைப்பதில்லை. பழகியதும் சிங்கப்பூருக்கோ வேறு கம்பெனிக்கோ போய்விடுகிறார்கள். ஏன் என்று அவர்களிடம் பேசி, பெயர் வெளியே வராமல் காரணத்தை மட்டும் கொண்டு வரச் சொன்னார் பிரிவின் மேலாளர் ஷர்மினி.

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. வகுப்பில் படித்த கேள்விகளை அவள் வரிசையாகக் கேட்டாள். "எல்லாம் ஓகேதான் லா மிஸ்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். பிறகு ஒரு நாள் காண்டீனில் அந்தக் கேள்விகளை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்துத் தமிழர்கள் சந்தித்தவுடன் கேட்பதையே கேட்டாள்: "அக்கா, நீங்க எந்தத் தோட்டம்?"

அவர்களின் குடும்பங்கள் வேலை பார்த்த ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் பல காணாமல் போய்விட்டன. ஆட்கள் தாமான் என்ற நகர்க் குடியிருப்பு வீடுகளுக்கு வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் யாருடைய மகள், யாருக்குக் கொழுந்தியாள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். தேன்மொழி என்ற பெண், "கம்பிப்பாலத் தோட்டம்" என்றார். பிரவீனாவின் அம்மாவுக்கு அங்கே சொந்தம் உண்டு. அதன் பிறகு பேச்சு தானாக வந்தது.

லைன் தொடங்கும் இடத்தில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அது திரும்பி வந்தால்தான் அடுத்தவர் போகலாம். சூப்பர்வைசர் ராஜசேகரனின் ஏற்பாடு அது. கொஞ்சம் தாமதமானால், "என்னம்மா, கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்தியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார்.

"நான் ஷிப்ட் முடியுறவரை தண்ணியே குடிக்கிறதில்ல தங்கச்சி," என்றார் தேன்மொழி. "நீர்க்கடுப்பு வந்து கிளினிக்குக்கூட போனேன். ஆனா நான் சொன்னதா வெளிய வரக்கூடாது. மாசக் கடைசியில காண்ட்ராக்ட் முடியுது. அவரு கையெழுத்து போட்டாத்தான் அடுத்த வருஷம் வேலை."

"உங்க பேரு வெளிய வராதுக்கா."

பெயர் வெளியே வரவில்லை. ஷர்மினியும் சூப்பர்வைசர்களும் இருந்த கூட்டத்தில், அட்டை விஷயத்தை விளக்கும்போது பிரவீனா சொன்னது இதுதான்: "கம்பிப்பாலத் தோட்டத்து அக்கா ஒருத்தர் தண்ணியே குடிக்கிறதில்லயாம்."

ராஜசேகரன் தலையை நிமிர்த்தினார். "கம்பிப்பாலமா? நம்ம லைன்ல அங்கிருந்து ஒரே ஆளுதானே," என்று சிரித்தார்.

ஷர்மினி நகரத்திலேயே வளர்ந்தவர். அவருக்கு அது வெறும் ஊர்ப்பெயர். "நல்லா செஞ்சிருக்க," என்று பிரவீனாவைப் பாராட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். தான் செய்தது பிரவீனாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

வருத்தம் எளிது. வருந்துகிறவர் மன்னிப்புக் கேட்டுத் தன் சுமையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடலாம். அதனால் பிரவீனா வருந்தினாள் என்பதற்காக அவளைப் பாராட்டத் தோன்றவில்லை. கூட்டம் முடிந்ததும், ராஜசேகரன் லைனுக்குத் திரும்புமுன் அவள் தேன்மொழியிடம் போனாள்.

"பேரச் சொல்லலக்கா. தோட்டத்தச் சொல்லிட்டேன்."

"அதுக்குப் பேரயே சொல்லியிருக்கலாமே."

"தப்புதான்க்கா."

"உனக்கென்ன. இன்னும் ரெண்டு மாசத்துல காலேஜுக்குப் போயிருவ. நான் இங்கதான நிக்கணும்?" தேன்மொழி கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிரவீனா ஷர்மினியின் அறைக்குப் போனாள். தேன்மொழியின் காண்ட்ராக்ட் முடிவை ராஜசேகரன் கையிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டாள். முடியும், ஆனால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றார் ஷர்மினி. பேசியவர் யாரென்று பயிற்சிக்கு வந்த பெண்ணே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்பதுதான் காரணம். அது பல்கலைக்கழகத்துக்கும் போகும்.

"இந்த செமஸ்டர் போயிரும் பிரவீனா. நீ எழுதாம விட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"ராஜசேகரன் அண்ணனுக்குத் தெரியும் மிஸ்."

எழுதிக் கொடுத்தாள். தவறுதலாக என்றோ அனுபவக் குறைவு என்றோ அதில் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை என்று ஷர்மினி பிறகு சொன்னார். தத்துவ நூல்கள் பொறுப்பு என்ற சொல்லை எத்தனையோ விதமாக விளக்குகின்றன. இருபத்திரண்டு வயதில் ஒருத்தி அதை இவ்வளவு சுருக்கமாகச் செய்து காட்டியது அபூர்வம். வகுப்பில் மட்டும் இருந்திருந்தால் ரகசியம் காப்பது அவளுக்குத் தேர்வில் வரும் ஒரு கேள்வியாகவே இருந்திருக்கும்.

பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தைத் தேர்ச்சியாக ஏற்கவில்லை. இன்னொரு வேலைப் பருவம் முடித்தால்தான் பட்டம். நடந்ததையெல்லாம் பிரவீனா போனில் கனகராஜிடம் சொன்னாள்.

"சரி. அந்தப் பொம்பளைக்கு வேலை இருக்குல்ல?"

"இன்னும் தெரியலப்பா."

தேர்ச்சி இல்லை என்று தெரிந்த பிறகும் பிரவீனா தினமும் வேலைக்கு வந்தாள். லைனில் இப்போது இரண்டு மஞ்சள் அட்டைகள் தொங்கின. ராஜசேகரன் விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான். பெண்களில் பலர் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் மேசைக்கு அவளும் போகவில்லை.

மாதக் கடைசியில் ஒரு மதியம் அவள் காண்டீனில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோற்றுத் தட்டோடு அந்த வழியாக வந்த தேன்மொழி ஒரு நொடி நின்றார்.

"கையெழுத்து போட்டுட்டாங்க. ஒரு வருஷம்."

பிரவீனா எழுந்திருக்கப் பார்த்தாள்.

"சாப்பிடு," என்று சொல்லிவிட்டு, தேன்மொழி தன் கூட்டாளிகள் இருந்த மேசைக்குப் போய் உட்கார்ந்தார்.