தண்ணீர் நின்ற பதுங்குகுழி

பண்டத்தரிப்புப் பக்கத்துச் சிறிய பள்ளிக்கூடமொன்றில் நான் முதலாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். குண்டு போடும் விமானம், பொம்மர், வந்தால் பிள்ளைகள் இறங்கி இருக்கவென்று மைதானத்து மூலையில் பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். அது பள்ளக்காணி. மாரி தொடங்கி ஒரு கிழமைக்குள் குழி நிரம்பிவிட்டது. வாளியால் அள்ளி ஊற்றினோம். மறுநாள் பார்த்தால் மறுபடி ஊறிக் கிடந்தது.

ஆயத்த நிலை பார்க்கக் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார்.

"பதுங்குகுழி இருக்குதோ, ரீச்சர்?"

"ஓம் சேர். ஆனா உள்ளுக்கு முழுக்கத் தண்ணி. பிள்ளையளை இறக்கேலாது."

"அதைப் பிறகு பாப்பம். இருக்கோ இல்லையோ எண்டுதான் படிவத்திலை கேட்டிருக்கு."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சேலையோடு குழிக்குள் இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு மேலே நின்றது.

"என்ரை பிள்ளையள் என்ரை இடுப்பளவுதான், சேர். அதுகள் எங்கை மூச்சு விடுறது?"

"ஏறுங்கோ ரீச்சர், தடிமன் பிடிக்கும்" என்றார். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு 'ஆயத்தம்' என்று எழுதினார். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட அதிபர் என்னைப் பார்க்காமலே கையெழுத்து வைத்தார்.

அதிலிருந்து மூன்றாம் கிழமை, காலைப் பாடத்தின்போது பொம்மர் வந்தது. பிள்ளைகளைச் சுவரோரம் குப்புறப் படுக்க வைத்தேன். குண்டு தோட்டவெளியில் விழுந்தது. கூரை ஓடுகள் பொலபொலவென்று கொட்டி, ஒரு சிறுமியின் நெற்றி பிளந்தது. சேலைத் தலைப்பைக் கிழித்துக் காயத்தைக் கட்டி, அதிபரின் சைக்கிளில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தையல் போட்டார்கள். பிழைத்தாள்.

பத்து நாளில் கந்தோரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆயத்தமாயிருந்த பதுங்குகுழிக்குள் மாணவரை இறக்காததற்கு விளக்கம் தரவேண்டுமாம்.

"மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதி விடுங்கோ, பிள்ளை" என்றார் அதிபர்.

"நான் மாட்டன், சேர்."

இறக்கியிருந்தால் முப்பது சவத்துக்கு விளக்கம் கேட்டிருப்பீர்கள் என்று எழுதி அனுப்பினேன். பேனை தாளைக் கிழித்த இடத்தில்கூடத் திருத்தவில்லை. பதில் வரவில்லை. இடமாற்றம்தான் வந்தது.

நான் போவதற்கு முதல் தகப்பன்மார் சேர்ந்து மேட்டுப்பக்கம் புதுக்குழி வெட்டினார்கள். பனங்குற்றி அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர், அந்தச் சிறுமியின் தகப்பன், மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து கேட்டார்.

"ரீச்சர், உங்களுக்கு உந்தக் கடிதம் எழுதின ஆளின்ரை வீடு எங்கை?"

எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானும் கூடப் போயிருப்பேன்.