கால்சியம் அக்கா

கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் முட்டையையும் விந்தணுவையும் சேர்த்துவைப்பதுதான் அவள் வேலை. அங்கே அவளுக்குக் 'கால்சியம் அக்கா' என்று பெயர். யாராவது தெரியாத்தனமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவாள். விந்தணு உள்ளே போனால் மட்டும் முட்டை விழிக்காது. அது கொண்டுவரும் புரதம் தட்ட வேண்டும், முட்டை தனக்குள் பூட்டி வைத்திருக்கும் கால்சியத்தை அலை அலையாக அவிழ்த்துவிட வேண்டும், அப்போதுதான் கரு தொடங்கும். இதைக் கேட்டுக் கொட்டாவி விட்டவர்களில் முதல் ஆள் அவள் கணவன்.

வீட்டில் அவளை நம்பி அடுப்பில் பால் வைக்க மாட்டார்கள். "நீ உக்காரு, நானே பாத்துக்கறேன்" என்பான் கணவன். அடுப்படியில் மறதி, ஆய்வகத்தில் பெரிய கெட்டிக்காரி. தன்னை நினைத்தால் அவளுக்கே சிரிப்புதான் வரும்.

தையல்காரப் பெண் ஒருத்திக்கு முதல் முயற்சியில் எட்டு முட்டைகளிலும் விந்தணுவை ஊசியால் செலுத்தியும் ஒன்றுகூட விழிக்கவில்லை. "உள்ள கால்சியம் எழும்பலம்மா" என்று ஆரம்பித்து அக்கா அரைமணி நேரம் விளக்கினாள். அந்தப் பெண்ணை அழவிடாமல் அனுப்பிவிட்ட பெருமையில் அன்றைக்கெல்லாம் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள். இதுதான் கடைசி, இனி உடம்பும் மனசும் தாங்காது என்றாள். இந்த முறை விந்தணுவை ஊசியால் செலுத்தியபின், முட்டைகளைக் கால்சியத்தை எழுப்பும் மருந்தில் சரியாகப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். கூடினால் முட்டைக்கே கேடு. பாலைப் பொங்கவிடும் கையாயிற்றே என்று பயந்து அக்கா இரண்டு டைமர் வைத்தாள். அதுவும் போதாமல் வாய்விட்டு எண்ணிக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தபோது இந்த முறை கிடைத்த ஆறு முட்டைகளில் மூன்று விழித்திருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு சின்ன வட்டங்கள், தாயுடையது ஒன்று, தந்தையுடையது ஒன்று. கண் கலங்கிவிட்டதால் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை எண்ண வேண்டியிருந்தது.

போனில் செய்தியைச் சொன்னதும் தையல்காரப் பெண் கேட்டாள்:

"அக்கா, அப்போ இனிமே பாலை நிறுத்திடலாமா?"

"எந்தப் பால்?"

"உள்ள கால்சியம் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க. மூணு மாசமா தினமும் மூணு டம்ளர் குடிக்கிறேன். எனக்குப் பால் வாடையே ஆகாதுக்கா. மூக்கைப் பொத்திக்கிட்டுதான் குடிச்சேன்."

டம்ளரில் இருக்கும் கால்சியம் வேறு, முட்டை பூட்டி வைத்திருப்பது வேறு என்று பாடம் தொண்டை வரை வந்தது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"நிறுத்திடும்மா," என்றாள். "தப்பு என்னோடது. நான்தான் சரியா சொல்லல."