தட்டளவில் ஒரு பை

அக்காவின் கணவர் சோபாவுக்கு உறை தைப்பவர். அக்காவுக்கு ஞாயிறானால் டிஸ்க் கால்ஃப், அதாவது சங்கிலிக் கூடைக்குள் வட்டுகளை வீசும் விளையாட்டு. ஒரே தோளில் வட்டுகளைச் சுமந்து வலி வந்ததும் அவள் போவதையே நிறுத்திவிட்டாள். அது மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

மலிவான முதுகுப்பை ஒன்றை வாங்கி, முன்பக்கத்தை வெட்டி, உள்ளே சோபா ஸ்பாஞ்ச் வைத்து ரகசியமாகத் தைத்தார். வட்டை எடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று சாப்பாட்டுத் தட்டை வைத்து அளவெடுத்தார்.

பை கைக்கு வந்ததும் அக்கா வட்டுகளை அதில் அடுக்கிப் பார்த்தாள். ஓரத்தில் இடம் மிஞ்சி வட்டுகளெல்லாம் சரிந்தன.

"ஏங்க, வட்டுக்குத் தைச்சீங்களா, சாப்பாட்டுக்கா?"

மாமாவின் முகம் சுருங்கியது. "குடு, பிரிச்சுத் தைக்கிறேன்."

அக்கா அவருடைய டீ ஃப்ளாஸ்க்கை எடுத்து வந்து அந்த இடத்தில் செருகினாள். வட்டுகள் நிமிர்ந்து நின்றன.

"பிரிக்க வேணாம். டீ வருதுல்ல, நீங்களும் வாங்க."

"எனக்கு எறியத் தெரியாதே!"

"தூக்கத் தெரியும்ல?"

அந்த ஞாயிறு பையை மாமாதான் மாட்டிக்கொண்டார். அக்காவின் தோளுக்கு அளந்த வார் அவரை இறுக்கியது. அவர் அதைத் தளர்த்தவே இல்லை.