சகாதேவன் தின்ற பச்சை இலை

மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன் நான், ஜியாவுல்லா. தலையில் கூடை சுமந்து ஆரம்பித்தேன். இன்று திருவண்ணாமலையில் கோஸ் என்றால் என் மண்டிதான். பெரிய ஓட்டல்காரனும் எனக்கு முதலில் வணக்கம் வைப்பான். அப்படிப்பட்ட நானே கோஸைப் பற்றி வாய் திறக்க யோசித்தது ஒரே ஒருவன் முன்னால்தான்.

அவன் சகாதேவன், பக்கத்து ஊரான அடி அண்ணாமலைக்காரன். என் மண்டியில் கோஸ் உரிக்கிற வேலை. சின்ன வயதுக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டுப்போய், செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். அதில் ரத்தம் உறையாமல் இருக்கத் தினம் மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. ஆனாலும் வாய் ஓயாது. வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் ஓட்டலுக்கு ஊதா கோஸ் கட்டும்போது, "இதுல வைட்டமின் சி ஜாஸ்தி பாய், அந்தக் கலரே உடம்புக்கு நல்லது" என்பான். சைனீஸ் கோஸ் வயிற்றுக்கு லேசு என்பான். சாதா கோஸில் மட்டும் வெளியே இருக்கிற கரும்பச்சை இலைதான் உசத்தி என்பான்.

"வெள்ளைய நீங்க வித்துக்கிறீங்க, பச்சைய மாடு துன்னுது. அதான் பாய், மாடு உங்களவிட தெம்பா கீது!"

போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டான். அதுவரை கறி, மீன் இல்லாமல் சோறு இறங்காது, கீரையைத் தொடவே மாட்டான். மாலை போட்டதும் எல்லாம் தலைகீழ். உரித்த பச்சை இலையைப் பை நிறைய எடுத்துப்போய், பொரியலும் கூட்டுமாக அதையே சாப்பிட்டான்.

மாலை போட்டவன் என்பதால் நானும் மரியாதையாகவே கேட்டேன்: "சாமி, இந்த மாசம் ரத்தம் டெஸ்ட் எடுத்தீங்களா?"

"மாலையோட ஊசி குத்திக்க மாட்டேன் பாய். மலைக்குப் போயிட்டு வந்து பாத்துக்கறேன்."

அவன் மலைக்குப் போகவே இல்லை. ஒரு காலையில் தராசுப் பக்கத்தில் சாய்ந்தான். வாய் கோணிவிட்டது, வலது கை தொங்கிவிட்டது. ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் என் காரில் நானே ஓட்டிப்போய்ச் சேர்த்தேன்.

"கோஸ் கெட்டது இல்லீங்க" என்றார் டாக்டர், நான் இலை விஷயத்தைச் சொன்னதும். "பச்சை இலையில இருக்கற வைட்டமின் கே ரத்தத்த உறைய வைக்கும். எப்பவும் ஒரே அளவா சாப்பிட்டிருந்தா மாத்திரைய அதுக்கேத்த மாதிரி குடுத்திருப்போம். திடீர்னு ஜாஸ்தி பண்ணிட்டாரு, டெஸ்டுக்கும் வரல. வால்வுல ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போயிடுச்சு."

அந்த வாரமே அவன் உயிர் போய்விட்டது. அவன் கழுத்திலிருந்த துளசி மாலையை நர்ஸ் கழற்றி என் கையில் வைத்தாள். அதை அவன் மனைவி ராஜம்மாளிடம் கொடுத்தேன். அவள் அழவில்லை.

"அந்தப் பச்சை எலைல சத்தே இல்லன்னு யாராவது சொல்லியிருந்தா, எங்க சாமி அத தொட்டிருக்கவே மாட்டாரு பாய்."

பேசிப் பேசியே மேலே வந்தவன் நான். கோஸைப் பற்றி அவனிடம் வாய் திறக்காமல் விட்டவனும் நான்தான்.